சிறு பட்டறைக்கு டிசைன் மென்பொருள்: பெயரைக் கேட்பதற்கு முன்

கோவையில் லேத் பட்டறை, தகடு வேலை, ஃபிக்ஸ்சர் (பாகத்தை அசையாமல் பிடித்துவைக்கும் சாதனம்) வேலை என்று சிறு தொழில் நடத்தும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "எந்த டிசைன் மென்பொருள் வாங்கலாம்?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவர்களுக்குத் திருப்தி. எனக்கு இல்லை. பெயர் கடைசியாக வர வேண்டியது. கடந்த ஓராண்டில் உங்கள் மின்னஞ்சலுக்கு என்னென்ன கோப்புகள் வந்தன, உங்களிடமிருந்து என்னென்ன கோப்புகள் வெளியே போயின என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலானவர்கள் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ணிப் பார்த்தவர்களுக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

எங்கள் நிறுவனத்தையே எடுத்துக்கொள்கிறேன். வெல்டிங் ஃபிக்ஸ்சர், டிரில் ஜிக் (துளையிடும் கருவிக்கு வழிகாட்டும் சாதனம்), ஒரே ஒரு வேலைக்கென்று செய்யப்படும் சிறிய இயந்திரங்கள், அவற்றுக்கான தகடு மூடிகள். இவைதான் எங்கள் பிழைப்பு. டிசைன் மேசை என் பொறுப்பு. எங்களுக்கு வேலை தரும் பம்ப் தயாரிப்பாளர்கள் அனுப்புவது பெரும்பாலும் ஆட்டோகேட் டிராயிங், சில நேரம் பி.டி.எஃப். மட்டும். ஜவுளி இயந்திரம் செய்பவர்களிடமிருந்து ஸ்டெப் கோப்பு (பெரும்பாலான மென்பொருள்கள் படிக்கும் பொதுவான முப்பரிமாணக் கோப்பு) வருகிறது. வாகன உதிரிபாகக் காரர்கள் தங்கள் மென்பொருளின் மூலக் கோப்பையே அனுப்பிவிட்டு, "அப்படியே திறந்து பாருங்கள்" என்பார்கள். இன்னும் சிலர் எந்தக் கோப்பும் இல்லாமல், உடைந்த பாகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். வெர்னியரை எடுத்து அளந்து நாமேதான் வரைந்துகொள்ள வேண்டும்.

வெளியே போவது இன்னும் பலவகை. லேத்தில் நிற்பவருக்கு அச்சிட்ட தாள் வேண்டும். லேசர் வெட்டுபவருக்கு ஒன்றுக்கு ஒன்று அளவில், வெட்ட வேண்டிய கோடுகள் உள்ள டி.எக்ஸ்.எஃப். கோப்பு வேண்டும். வி.எம்.சி. (கணினிக் கட்டளைப்படி வெட்டும் மில்லிங்) இயந்திரத்துக்கு புரோகிராம் எழுதுபவருக்கு ஸ்டெப். கொள்முதல் பார்ப்பவருக்கு எத்தனை போல்ட், எத்தனை டவல் பின் (பாகம் இடம் பிசகாமல் பிடிக்கும் உருளை ஆணி), எத்தனை கிலோ இரும்பு என்ற பட்டியல். வாடிக்கையாளருக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட ஒரு பி.டி.எஃப். திரையில் சுழலும் அழகான முப்பரிமாணப் படம் இந்த வரிசையில் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டீலர் தரும் டெமோவில் முக்கால்வாசி நேரம் அந்தப் படம்தான் சுழன்றுகொண்டிருக்கும்.

எனவே என் முதல் கருத்து இது: சிறு பட்டறைக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது, கோப்பு வரும் வழியையும் போகும் வழியையும் தேர்ந்தெடுப்பதுதான். உள்ளே என்னென்ன கட்டளைகள் இருக்கின்றன என்பது அதற்குப் பிறகு.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் இது தெளிவாகும். 1982-இல் ஆட்டோகேட் வந்தபோது அது சாதாரண மேசைக் கணினியில் ஓடியது. அதுதான் அதன் பெரிய பலம். டிராஃப்டரும் டி-ஸ்கொயரும் வைத்து வரைந்ததை அப்படியே திரைக்கு மாற்றியது. 1980-களின் இறுதியில் வந்த புரோ-எஞ்சினியர், ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாம் மாறும் முறையை வணிக அளவில் நிலைநாட்டியது. ஆனால் அதற்கு விலையுயர்ந்த பணிநிலையக் கணினிகள் தேவைப்பட்டன. 1995-இல் சாலிட்வொர்க்ஸ் அதே முறையை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. சாலிட் எட்ஜும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்தது. 1999-இல் ஆட்டோடெஸ்க் தன் இன்வென்டரைக் கொண்டுவந்தது. சிறு நிறுவனங்களின் கைக்கு முப்பரிமாணம் எட்டியது அந்தப் பத்தாண்டில்தான்.

இவற்றின் அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெர்னல் உண்டு. திட வடிவங்களை வெட்டுவது, சேர்ப்பது, முனையை மழுக்குவது போன்ற கணக்கையெல்லாம் போடுவது அதுதான். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்.எக்ஸ்., ஆன்ஷேப் ஆகிய நான்கும் பாராசாலிட் என்ற ஒரே கெர்னலில் ஓடுகின்றன. அந்தக் கெர்னல், சாலிட் எட்ஜையும் என்.எக்ஸையும் விற்கும் சீமென்ஸுக்குச் சொந்தம். அதாவது டசோ நிறுவனத்தின் சாலிட்வொர்க்ஸ் தன் போட்டியாளரிடம் உரிமம் வாங்கிய கெர்னலில் ஓடுகிறது. இன்வென்டரும் ஃப்யூஷனும் ஆட்டோடெஸ்கின் சொந்தக் கெர்னலான ஷேப்மேனேஜரில் ஓடுகின்றன. ஃப்ரீகேட் பயன்படுத்துவது ஓப்பன் கேஸ்கேட். இதனால் நடைமுறையில் என்ன பயன்? உங்கள் வாடிக்கையாளர் என்.எக்ஸ். வைத்திருக்கிறார், நீங்கள் சாலிட் எட்ஜ் வைத்திருக்கிறீர்கள் என்றால், பாராசாலிட் கோப்பாகக் கொடுத்து வாங்கும்போது வடிவம் மொழிமாற்றம் ஆகாமலே வந்து சேரும். கெர்னல் மாறினால் ஸ்டெப் வழியாகப் போக வேண்டும். பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் வார்ப்படப் பாகங்களில், வளைந்த பரப்புகள் மெல்லியதாகச் சந்திக்கும் இடங்களில், திறந்து பார்த்தால் ஒரு பரப்பு காணாமல் போயிருக்கும். திடப்பொருள் வெறும் தோலாக வந்து நிற்கும். பம்ப்பின் வால்யூட் (சுருள் வடிவ) உறையை அப்படி வாங்கித் தைத்துச் சரிசெய்ய அரைநாள் போனதுண்டு.

ஸ்டெப் கோப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஐ.எஸ்.ஓ. 10303 என்ற உலகத் தரம் அது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது கொண்டுபோவது முக்கியமாக வடிவத்தைத்தான். முதலில் தகடு வரைந்தேன், பிறகு ஓட்டை போட்டேன், பிறகு முனையை மழுக்கினேன் என்ற வரலாறு அதில் வராது. வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்டெப் கோப்பில் ஓட்டையை நகர்த்த வேண்டும் என்றால், வரலாறு இல்லாத வடிவத்தை நேரடியாகப் பிடித்து இழுக்கும் வசதி உங்கள் மென்பொருளில் நன்றாக இருக்க வேண்டும். சாலிட் எட்ஜ் 2008-இல் கொண்டுவந்த சிங்க்ரனஸ் முறையை நான் உயர்வாக நினைப்பதற்கு இதுதான் காரணம். பிறர் வடிவத்தை வாங்கி அதற்கு ஃபிக்ஸ்சர் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு அது உண்மையாகவே உதவுகிறது. தன் சொந்தப் பொருளைத் தொடக்கத்திலிருந்து தானே வடிவமைக்கும் நிறுவனத்துக்கு அதன் தேவை குறைவு.

மூலக் கோப்பை நம்பி வாழ்பவர்கள் பதிப்புச் சிக்கலை மறக்கக் கூடாது. பெரும்பாலான முப்பரிமாண மென்பொருள்களில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. சாலிட்வொர்க்ஸில்கூட 2024 பதிப்பில்தான் முந்தைய இரண்டு பதிப்புகளுக்குச் சேமித்துத் தரும் வசதி வந்தது. ஒரு பெரிய வாடிக்கையாளர் புதிய பதிப்புக்கு மாறிவிட்டால், அவரிடம் வேலை வாங்கும் சிறு பட்டறைகள் எல்லாம் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது. மாறாக, ஆட்டோகேட் டிராயிங் சேமிக்கப்படும் டி.டபிள்யூ.ஜி. கோப்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆட்டோகேட் 2018-இல் வந்த கோப்பு வடிவமே அடுத்தடுத்த பல பதிப்புகளுக்கும் தொடர்ந்தது. பழைய வடிவங்களிலும் சேமித்துக் கொடுக்கலாம். பிரிக்ஸ்கேட், இசட்.டபிள்யூ.கேட், ஜிஸ்டார்கேட் போன்றவை அதே கோப்பைத் திறந்து, அதே கட்டளைகளோடு வேலை செய்கின்றன. இருபரிமாண டிராயிங் மட்டும் போடும் மேசைக்கு ஆட்டோகேட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி, மென்பொருளைச் சோதிக்கும் விதம். டீலர் தன்னுடன் கொண்டுவரும் மாதிரிப் பாகத்தில் எதுவும் தெரியாது. அது நூறு முறை ஒத்திகை பார்க்கப்பட்டது. உங்கள் பட்டறையில் ஏற்கெனவே முடித்துக்கொடுத்த ஒரு வேலையை எடுத்து, சோதனைக் காலத்தில் உங்கள் ஆளே உட்கார்ந்து அதை மறுபடி செய்ய வேண்டும். நான் வைத்த சோதனைகளில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, சாதாரண வெல்டிங் ஃபிக்ஸ்சரின் அடித்தகடு. 400-க்கு 300, கனம் 20 மில்லிமீட்டர். அதன்மேல், பாகம் உட்கார வேண்டிய இடத்தை நிர்ணயிக்கும் லொக்கேட்டர் கட்டைகள். ஒவ்வொன்றையும் இரண்டு டவல் பின்னும் இரண்டு ஆலன் போல்ட்டும் பிடித்திருக்கின்றன. எல்லாம் முடிந்து டிராயிங்கும் போட்ட பிறகு, வாடிக்கையாளர் சொல்வதுபோல நானே சொன்னேன்: டவல் பின் 10 வேண்டாம், 12 ஆக்குங்கள், அடித்தகட்டின் நீளத்தை 450 ஆக்குங்கள். இப்போது பார்க்க வேண்டும். கட்டையிலும் தகட்டிலும் ஓட்டை இரண்டும் சேர்ந்து மாறுகிறதா? டிராயிங்கில் ஓட்டைக்கான குறிப்பு எச்.7 பொருத்தத்தோடு (ஓட்டையின் அளவு எவ்வளவு கூடலாம் என்ற வரம்பு) தானாக மாறுகிறதா, அல்லது பழைய எழுத்து அப்படியே நிற்கிறதா? பாகப் பட்டியலில் பின்னின் அளவு மாறியதா? ஓரத்திலிருந்து அளந்த ஓட்டைகள் ஓரத்தோடு நகர்ந்தனவா? எடை சரியா? பழைய அளவில், ஓட்டைகளைக் கழிப்பதற்கு முன், தகட்டின் எடை 18.84 கிலோ வர வேண்டும். 400, 300, 20 மூன்றையும் பெருக்கி, எஃகின் அடர்த்தியான 7.85-ஆல் கணக்குப் போட்டால் கையாலேயே வந்துவிடும். மென்பொருள் வேறு எண்ணைக் காட்டினால் பொருள் நூலகத்தில் ஏதோ தவறு இருக்கிறது. நாம் விலைப்புள்ளி கொடுப்பது அந்த எடையை வைத்துத்தான்.

இந்த ஒரு மாற்றத்தைச் செய்துபார்க்க அரைமணி நேரம் போதும். எங்களைப் போன்ற பட்டறையில் புதிதாக வரைவதைவிட, வரைந்ததை மாற்றுவதில்தான் நேரம் போகிறது. வேகமாக வரைய உதவும் மென்பொருளைவிட, நம்பிக்கையோடு மாற்ற உதவும் மென்பொருள் மேலானது.

இரண்டாவது சோதனை தகடு. 2 மில்லிமீட்டர் தகட்டை, உள்ளே 2 மில்லிமீட்டர் ஆரத்தில், 90 பாகைக்கு வளைக்கிறோம். வளைவில் தகட்டின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. நடுவே எங்கோ நீளம் மாறாத ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு கனத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் கே-ஃபேக்டர். அதை 0.44 என்று வைத்தால் வளைவுக்குச் சேரும் நீளம் 4.52 மில்லிமீட்டர். 0.33 என்று வைத்தால் 4.18. ஒரு வளைவுக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். நான்கு வளைவு உள்ள மூடியில் அது கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒரு பக்கத்து ஓட்டையும் எதிர்ப்பக்கத்து நட்டும் சந்திக்காது. இந்த எண்ணின் தொடக்க மதிப்பு மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. எதுவும் உங்கள் பிரஸ் பிரேக்குக்காக (தகடு வளைக்கும் இயந்திரம்) வைத்ததல்ல.

அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. அதே தகட்டில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளப் பட்டை ஒன்றை வெட்டி, நடுவில் 90 பாகைக்கு வளைத்து, இரண்டு கால்களையும் வெளிப்புறமாக அளந்து கூட்ட வேண்டும். 103.5 வந்தால், கே-ஃபேக்டர் 0.43 பக்கம். உங்கள் வளைப்பவரின் இயந்திரத்துக்கும் டைக்கும் உரிய எண் அதுதான். அந்த எண்ணை மென்பொருளில் ஓர் அட்டவணையாக, கனத்துக்குக் கனம் தனியாக, சுலபமாக எழுதிவைக்க முடிகிறதா என்பதே நான் பார்ப்பது. முடியாவிட்டால், எவ்வளவு அழகாகத் தகட்டை விரித்துக் காட்டினாலும் அந்தப் படத்தை நம்பி லேசருக்கு அனுப்ப முடியாது. தகடு வேலை செய்யாதவர்கள் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, தங்களுக்கு உரியதை வைத்துக்கொள்ளலாம். வார்ப்பு வேலைக்கு அச்சு எடுக்கும் பேட்டர்ன் செய்பவர் என்றால், சுவர்களுக்குச் சரிவு கொடுக்கும்போதும், வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்குவதற்காக ஏறத்தாழ ஒரு விழுக்காடு பெரிதாக்கும்போதும் திரையில் உள்ள முப்பரிமாண மாதிரி உடைகிறதா என்று பார்க்கலாம்.

இவற்றோடு சின்னதாகத் தோன்றும் ஒரு விஷயம். நம் நாட்டில் டிராயிங் முதல் கோண முறையில் போடுவது வழக்கம். இந்தியத் தர நிறுவனத்தின் எஸ்.பி. 46 அதைத்தான் சொல்கிறது, ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் அதைத்தான் கற்கிறார்கள். அமெரிக்கப் பழக்கம் மூன்றாம் கோண முறை. வலப்பக்கத்துத் தோற்றத்தை முதல் கோணத்தில் இடப்பக்கம் வைப்போம், மூன்றாம் கோணத்தில் வலப்பக்கம் வைப்பார்கள். புதிதாக நிறுவிய மென்பொருளில் அமெரிக்கத் தாள்வடிவம் முன்னிருப்பாக இருந்து, அதைக் கவனிக்காமல் அச்சிட்டு பட்டறைக்குக் கொடுத்தால், அனுபவமுள்ள ஃபிட்டர் முதல் கோணம் என்றே நினைத்துப் படிப்பார். கட்டை இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்த்ததுபோல வந்து நிற்கும். டிராயிங்கின் மூலையில் உள்ள வெட்டிய கூம்புச் சின்னத்தைப் பார்த்து, "தம்பி, இது எந்தக் கோணம்?" என்று கேட்கும் மூத்த ஃபிட்டர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நிறுவனத்தின் தாள்வடிவம், தலைப்புக் கட்டம், முதல் கோணம், பொதுத் தாங்குஅளவு (அளவில் அனுமதிக்கும் வேறுபாடு) குறிப்பு எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே செய்துவைத்துப் பூட்டிவிட வேண்டும். பயிற்சிக்கு என்று டீலர் தரும் நாட்களை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

ஆளைப் பற்றி. மென்பொருளுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, அதன்முன் உட்காருபவருக்குக் கொடுக்கும் சம்பளம் சில மாதங்களிலேயே அதிகமாகிவிடும். காந்திபுரத்துப் பயிற்சி நிலையங்களில் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், க்ரியோ, கேட்டியா கற்றுத் தருகிறார்கள். டிப்ளமோ முடித்து வரும் பிள்ளைகளுக்கு இவற்றில் ஒன்றாவது கைவந்திருக்கும். நாம் அரிதான ஒன்றை வாங்கினால், வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நாமே கற்றுத் தர வேண்டும். கற்றவர் விட்டுப் போனால் மேசை காலியாகக் கிடக்கும். சிறு பட்டறையில் ஆள் தங்குவது கடினம், அதை ஒப்புக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வாங்கக் கூடாது. ஒரு முப்பரிமாண மென்பொருளில் நன்றாகப் பழகியவர் இன்னொன்றுக்கு மாற ஓரிரு மாதம் போதும். லேத்தும் மில்லிங்கும் எப்படி வெட்டும் என்று தெரியாதவருக்கு எந்த மென்பொருளைக் கொடுத்தாலும், கட்டர் நுழையவே முடியாத மூலையைக் கூர்மையாக வரைந்து வைப்பார். நான் ஆள் எடுக்கும்போது மென்பொருளைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பேன்.

பணம். நிரந்தர உரிமம் என்றால் ஒருமுறை பெருந்தொகை, பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். சந்தா என்றால் ஆண்டுதோறும் ஒரு தொகை. நிறுத்தினால் மென்பொருள் நின்றுவிடும். ஆட்டோடெஸ்க் 2016-லேயே புதிய நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்திவிட்டது. மற்றவர்களும் அந்தத் திசையில்தான் போகிறார்கள். வேலை குறைந்த ஆண்டில், ஆர்டர் இல்லாமல் இயந்திரங்கள் நிற்கும் ஆண்டில், நிரந்தர உரிமம் வைத்திருப்பவர் பராமரிப்பை நிறுத்திவிட்டுப் பழைய பதிப்பிலேயே ஓட்டலாம். சந்தாதாரரால் முடியாது. கோவையில் தொழில் நடத்துபவர்களுக்கு அப்படிப்பட்ட ஆண்டுகள் வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் நிரந்தர உரிமம் எங்கேனும் இன்னும் கிடைத்தால், கடனில்லாமல் வாங்க முடிந்தால், நான் அதன் பக்கம்தான் சாய்வேன். விட்ட பராமரிப்பை மறுபடி தொடங்க நினைத்தால் அபராதம்போலப் பழைய பாக்கியையும் கேட்பார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரிக் கணக்கையும் கணக்காளரிடம் பேசிவிடுவது நல்லது. மென்பொருளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, பதிவுபெற்ற நிறுவனத்துக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்பும். வாங்கிய உரிமத்துக்குக் கணினியைப்போலவே 40 விழுக்காடு தேய்மானம் கிடைக்கும். சந்தா அந்தந்த ஆண்டின் செலவு. கணினிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஆனால் செலவழிப்பதைச் சரியான இடத்தில் செலவழிக்க வேண்டும். முப்பரிமாண மாதிரியைப் புதுப்பிக்கும் கணக்கு பெரும்பாலும் ஒரே கோரில் (செயலிக்குள் உள்ள ஒரு கணக்கிடும் பகுதி) ஓடுவதால், பல கோர்கள் உள்ள செயலியைவிட ஒற்றைக் கோரின் வேகம் கூடிய செயலி மேல்.

இலவசமாகக் கிடைப்பவற்றின் நிபந்தனைகளையும் படித்துவிட வேண்டும். ஃப்யூஷனின் தனிநபர் உரிமம் வணிகத்துக்கு அல்ல. ஆண்டுக்கு 1,000 டாலருக்குக் குறைவான வருமானம் உள்ள வீட்டுப் பயனருக்கு மட்டும். 2020-இல் அதன் நிபந்தனைகள் இறுகி, ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்தாகக் குறைந்தன. ஸ்டெப் ஏற்றுமதியையும் எடுத்துவிடுவதாக முதலில் அறிவித்து, பயனர்கள் எதிர்த்த பிறகு அதைக் கைவிட்டார்கள். ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் போடும் எல்லாமே உலகம் பார்க்கும்படி பொதுவாகிவிடும். வாடிக்கையாளரிடம் ரகசிய ஒப்பந்தம் போட்டவர் அதைத் தொடவே கூடாது. மாணவர் உரிமத்தில் வரைந்த கோப்பை வணிகப் பதிப்புக்குள் கொண்டுவரும்போதும் சில மென்பொருள்களில் தடையோ முத்திரையோ வரும்.

இப்போது, பலரும் பேசத் தயங்கும் விஷயம். பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்புகள் நம் தொழிற்பேட்டைகளில் எவ்வளவு இயல்பாக ஓடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு இதில் சமரசம் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-பி பிரிவின்படி, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இணையத்தோடு இணைந்த கணினியில் ஓடும் திருட்டுப் பதிப்பு தன்னைத் தயாரித்தவருக்கே தகவல் அனுப்பக்கூடியது. அதன்பின் வழக்கறிஞர் கடிதம் வரும். அந்த நேரத்தில் பேரம் பேசும் இடத்தில் நாம் இருக்க மாட்டோம். அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. ஒரு பட்டறை தன் டிராயிங்கை வேறொருவர் திருடினால் கொதிக்கிறது. அதே உழைப்பை இன்னொருவரிடமிருந்து எடுக்கும்போது மட்டும் அது வழக்கம் என்று சொல்லிக்கொள்கிறது. அந்த மேசையில் பழகும் இருபது வயதுப் பையன் தொழில் என்றால் இப்படித்தான் என்று கற்றுக்கொள்கிறான். வாங்க வசதியில்லை என்ற வாதத்துக்கு இன்று இடமும் இல்லை.

ஏனென்றால் ஃப்ரீகேட் இருக்கிறது. 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. அதுவரை அதை உற்பத்தி வேலைக்கு நம்பாததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது. ஒரு முகத்தின்மேல் ஓட்டை போடுகிறோம். பிறகு பின்னால் போய் அடிப்படை வடிவத்தைக் கொஞ்சம் மாற்றுகிறோம். மென்பொருள் முகங்களுக்கு வைத்த எண்கள் மாறிப்போய், ஆறாம் முகத்தில் இருந்த ஓட்டை வேறொரு முகத்துக்குத் தாவிவிடும் அல்லது மாதிரியே உடைந்துவிடும். 1.0-இல் இதைப் பெருமளவு தணித்துவிட்டார்கள். பாகங்களைக் கோக்கும் அசெம்பிளி வசதியும் உள்ளேயே வந்துவிட்டது. ஸ்டெப் கோப்பைத் தயக்கமின்றித் திறக்கிறது. தகடு வேலைக்குத் தனியாக ஒரு துணை நிரல் சேர்க்கலாம். டி.டபிள்யூ.ஜி.யைத் திறக்க வெளியே ஒரு மாற்றி வேண்டும் என்பது குறை. பெரிய அசெம்பிளிகளில் திணறுகிறது என்பதும் உண்மை. டிராயிங் போடும் பகுதி, காசு கொடுத்து வாங்குபவற்றோடு ஒப்பிட்டால் இன்னும் மெதுவானது. ஆனால் தனிப்பாகங்களும் சிறு ஜிக்குகளும் செய்யும் பட்டறைக்கு, சட்டப்படி, செலவில்லாமல், எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவலாம். இருபரிமாணத்துக்கு லிப்ரேகேட் அதேபோல.

எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முழு உரிமம் வாங்கிய முப்பரிமாண மேசை ஒன்று; வடிவமைப்பவர் அதில் இருக்கிறார். இருபரிமாண டிராயிங்கைத் திருத்தவும் அச்சிடவும் விலை குறைந்த டி.டபிள்யூ.ஜி. மென்பொருள் ஒன்று. பட்டறைத் தளத்தில் உள்ள கணினியில் ஃப்ரீகேட். ஸ்டெப்பைத் திறந்து சுழற்றிப் பார்க்கவும், ஓர் அளவைச் சரிபார்க்கவும், அவசரத்துக்கு ஒரு ஸ்பேசர் வரையவும் அது போதும். ஃபிட்டரே மவுஸைப் பிடித்து, அடியில் மறைந்திருக்கும் போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழையுமா என்று பார்க்கிறார். நுழையாவிட்டால் வெட்டுவதற்கு முன்பே மாடி ஏறி வந்து சொல்கிறார்.

ஒவ்வொரு வேலையும் வெளியே போகும் நாளில், அதன் ஜாப் எண்ணில் ஒரு கோப்புறை. அதில் மூலக் கோப்போடு ஸ்டெப், பி.டி.எஃப்., லேசருக்குப் போன டி.எக்ஸ்.எஃப். மூன்றும் கட்டாயம் இருக்கும். சந்தா முடிந்தாலும், மென்பொருளையே மாற்றினாலும், சில ஆண்டு கழித்து வாடிக்கையாளர் அழைத்து "அந்த ஃபிக்ஸ்சருக்குத் தேய்ந்த பின் ஒன்று மாற்ற வேண்டும்" என்று கேட்டால், யாரிடமும் அனுமதி கேட்காமல் அதைத் திறந்து அச்சிட்டு லேத்துக்கு அனுப்பலாம். மேகத்தில் (இணையம் வழியாக நிறுவனத்தின் சேவையகத்தில்) கோப்பை வைத்திருக்கும் மென்பொருளை வாங்கும் நண்பர்கள், கையெழுத்துப் போடும் முன் டீலரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: சந்தாவை நிறுத்திய மறுநாள் என் கோப்புகள் எனக்குத் திறக்குமா, எந்த வடிவத்தில், எத்தனை நாள்வரை? பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.